கடலை மிஷினின் அம்புக்குறி

என் செல்போன் எண்ணை ஒரு படத்தின் அடியில் எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்த ஆள் நான். கொடுக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எடுப்பதற்கு முன் ஒரு பெருமூச்சு விட வேண்டியிருக்கிறது. எண்ணை மாற்றித் தொலையேன் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டார்கள். மாற்ற முடியாது. ஏன் என்று அவர்களிடம் முழுதாகச் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

கார் இருக்கைக்கு அடியில் வரும் இரும்புச் சட்டங்களைச் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில், ஒரகடத்தில், அப்போது நான் டிசைன் பிரிவில் இருந்தேன். டிசைன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ஒரு படம் வரும். அதில் ஒரு துளையை மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போட்டு, தேதியை மாற்றி, திருப்பி அனுப்ப வேண்டும். மறுவாரம் அவர்கள் அதே துளையைப் பழைய இடத்திலேயே போடச் சொல்லுவார்கள். இப்படியே ஆறு வருடம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று நினைக்கும் அளவுக்கு ஆகியிருந்தேன்.

என் அக்காவைப் பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒன்றரை ஏக்கரில் கடலை போடுவாள். செடியைப் பிடுங்க எப்படியாவது ஆள் பிடித்துவிடுவாள், ஆய்வதற்குத்தான் ஆள் கிடைக்காது. ஆய்வது என்றால் பிடுங்கிய செடியிலிருந்து காய்களைப் பிய்த்தெடுப்பது. உட்கார்ந்த இடத்தில் நாள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை. முன்பு அதற்கு வந்த பெண்களெல்லாம் கம்பெனி வேனில் ஏறி, கேன்டீனில் தட்டு கழுவவும் தரை துடைக்கவும் போய்விட்டார்கள். அங்கே மின்விசிறி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை லீவு இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அப்படி ஒரு வண்டியில் ஏறிப் போனவன்தான்.

ஒரு சித்திரையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் முழுக்கச் செடி குவிந்து கிடந்தது. அக்காவும் மாமாவும் மட்டும் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு எங்கிருந்து வந்ததோ கோபம்.

"இன்னாடா, கார் செய்யற கம்பெனில கீறேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியற. கடலை ஆய ஒரு மிஷினு பண்ணிக் குடுக்கத் துப்பு இல்ல உனுக்கு."

"நான் எங்கக்கா கார் செய்யறேன். சீட்டுக்கு அடியில வர கம்பி."

"அந்தக் கம்பிய வெச்சே பண்ணு. யாரு வாணாம்னா?"

அவள் சொன்னது விளையாட்டுக்குத்தான். எனக்கு அது சுருக்கென்று குத்திவிட்டது. அடுத்த ஒரு மாதம் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனிக் கணினியிலேயே உட்கார்ந்து படம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வெல்டிங் கடையில் நின்று அதைச் செய்து முடித்தேன். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, இந்த மாதிரி மிஷின்கள் கடையில் விலைக்கே கிடைக்கின்றன. உள்ளூர் வெல்டர் யாரும் உள்ளூரில் கிடைக்கும் இரும்பை வைத்தே செய்யும்படி எளிதாக்கினேன், அவ்வளவுதான். அதைச் செய்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் ஆறு வருடத் துளைகளில் ஒரு நாளும் இருந்ததில்லை.

மிஷின் இதுதான். கம்பி வளையங்கள் பதித்த ஓர் இரும்பு உருளை, அதைச் சுற்ற ஒரு மோட்டார், உருளைக்கு முன்னால் ஒரு தகடு, காய் சிதறாமலிருக்கப் பின்னாலும் அதே மாதிரி ஒன்று. ஆள் முன்தகட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, செடிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காய் இருக்கும் பக்கத்தை உருளையின் மேல் காட்டினால் போதும். வளையத்தில் பட்டுக் காய் பிய்ந்து பின்பக்கம் விழும். இதில் ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். உருளையின் மேற்பக்கம் ஆளை விட்டு விலகிப் போகும்படி சுற்ற வேண்டும். ஆளைப் பார்த்துச் சுற்றினால் செடியோடு கையையும் சேர்த்து, உருளைக்கும் தகட்டுக்கும் நடுவில் கீழே இழுத்துவிடும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்ட, பக்கவாட்டுப் படத்தில் உருளையின் மேல் ஓர் அம்புக்குறி போட்டிருந்தேன்.

அக்காவின் மிஷின் நன்றாக ஓடியது. தெருவே வந்து பார்த்தது. கம்பெனியில் பிரஸ் லைனில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி இருந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். அவன் காதுக்கும் விஷயம் போய், கேன்டீனில் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அண்ணே, எங்க ஊருலயும் கடலைதாண்ணே. அந்தப் படம் எனக்கு ஒண்ணு தருவியளா?"

மறுநாளே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்தேன். எங்கள் படங்களில் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். கம்பெனி பெயர், வரைந்தவர் பெயர், அளவு, தேதி, இன்னும் சில குறிகள் எல்லாம் அதில்தான். கம்பெனி கணினியில் கடலை மிஷின் வரைந்தது எச்.ஆருக்குத் தெரிந்தால் என்னை உரித்துவிடுவார்கள். அதனால் அந்தக் கட்டத்தையே மொத்தமாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் செல்போன் எண்ணை மட்டும் எழுதினேன்.

"யாரு கேட்டாலும் குடு," என்றேன் அவனிடம். "யாராண்டயும் காசு வாங்காத. வாங்கறவங்களும் அடுத்தவங்களுக்குக் குடுக்கணும். அது ஒண்ணுதான் கண்டிஷன்."

"குடுத்துர்றேண்ணே," என்று அவன் படத்தைச் சுருட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வெளியே போனாலும் செக்யூரிட்டி கேட்பான் அல்லவா, அதற்காக.

எனக்கு அது பிடித்துப்போனது. கம்பெனியில் ஒரு போல்ட்டின் படத்தைக்கூட பூட்டித்தான் வைப்பார்கள். நான் மட்டும் ஒரு முழு மிஷினைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறேன் என்று எனக்குள் ஒரு மிதப்பு. அந்த வாரமே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, படத்தை இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்து ஏற்றினேன். யாரும் எடுக்கலாம், யாரும் செய்யலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று எழுதி வைத்தேன்.

அதன் பிறகு போன் ஓயவே இல்லை. எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் வரிசையாகத் தவறிய அழைப்புகள். பஸ்ஸில் நின்றுகொண்டே ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். திண்டிவனம், செய்யாறு, விருத்தாசலம் என்று எங்கெங்கிருந்தோ. எல்லோருக்கும் ஒரே கேள்விதான், "சார், இந்த இருபத்தஞ்சு எம்.எம்.னா எத்தினி நூலு?" வெல்டர்கள் ஓர் அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கை நூல் என்பார்கள். எட்டு நூல், எட்டு நூல் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. பக்கத்தில் நிற்பவன் என்னைத் துணிக்கடைக்காரன் என்று நினைத்திருப்பான்.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு வெல்டர் என் படத்தை எடுத்து, பெல்ட்டுக்குப் பதிலாகப் பழைய மொபெட் செயினைப் போட்டு, தகட்டின் உயரத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி ஒரு மிஷின் செய்தார். செயின் அறுந்துபோனதும் எனக்குப் போன் போட்டு, "இன்னாய்யா படம் போட்டுக்கீற நீ?" என்று கத்தினார். எனக்கு வந்ததே கோபம். படத்தில் இருப்பதைச் செய்யாமல் மனதில் தோன்றியதைச் செய்துவிட்டு என்னைத் திட்டுகிறாரே என்று அவரை ஒரு பாட்டம் பாடித் தீர்த்தேன். அதோடு விட்டேனா? அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய், படத்தின் தலைப்பில் தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'படத்தில் உள்ளபடியே செய்யவும். சொந்த யோசனை வேண்டாம்.' எங்கள் கம்பெனிச் சுவரில் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதுதான். அந்த வரியைப் படித்துப் பார்த்து நானே தலையாட்டிக்கொண்டேன்.

அடுத்த வருடம், கடலை பிடுங்கும் காலம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஓர் அழைப்பு.

"சார், மல்லாட்டை மிஷினு படம் போட்டது நீங்கதானுங்களா?"

கடலையை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். "நான்தான். இன்னா அளவு வேணும், சொல்லுங்க," என்றேன் எரிச்சலாக.

"அளவெல்லாம் கரெக்டா கீது சார். அம்பு எந்தப் பக்கம்னுதான் கேக்கணும்."

"அதான் படத்துலயே கீதே. பாத்து செய்யுங்க."

"படத்துல கீற மாதிரிதான் சார் செஞ்சேன். எங்க வூட்ல கை மாட்டிகிச்சு. ரெண்டு வெரலு பூடுச்சு சார்."

எங்க வூட்ல என்று அவர் சொன்னது தன் மனைவியை. இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதலில் என் மனதில் வந்தது அந்தப் பெண்ணின் விரல் இல்லை. இந்த ஆளும் எதையோ தன் இஷ்டத்துக்கு மாற்றியிருப்பான் என்றுதான் நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத், உத்திரமேரூர் வழியாகப் போனேன். அவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். ஊரிலேயே பம்ப்செட் ரிப்பேர் பார்க்கிறார், கொஞ்சம் நிலமும் இருக்கிறது. கொட்டகையில் மிஷின் நின்றது. பார்த்த உடனே தெரிந்தது, என் படத்தை இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை. ஒரு துளைகூட இடம் மாறவில்லை. படத்தை லேமினேஷன் செய்து சுவரில் மாட்டியிருந்தார். தலைப்பில் என்னுடைய தடித்த வரி பளிச்சென்று தெரிந்தது.

"போட்டுக் காட்டுங்க," என்றேன். போட்டார். உருளை ஆளைப் பார்த்துச் சுற்றியது.

"ஏங்க இப்படிச் சுத்துது?"

அவர் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, பக்கவாட்டுப் படத்தின் மேல் விரலை வைத்தார். "முன்பக்கப் படத்துக்கு வலது கைப்பக்கம் போட்டுக்கீறீங்க. அப்ப இது எடது பக்கம் நின்னு பாத்ததுதானே சார்? அங்கேர்ந்து பாத்தா அம்பு இப்படித்தானே சுத்தணும்?"

பக்கத்தில் இருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

படம் போடுவதில் இரண்டு வழக்கம் உண்டு. நம் ஊர் ஐ.டி.ஐ.யிலும் கல்லூரியிலும் சொல்லிக்கொடுப்பது ஒன்று: முன்பக்கப் படத்துக்கு வலது பக்கத்தில் இருப்பது, பொருளை இடது பக்கம் நின்று பார்த்தது. கார் கம்பெனிகளில் இதற்கு நேர் எதிர்: வலது பக்கத்தில் இருந்தால் வலது பக்கம் நின்று பார்த்தது. நானும் டிப்ளமோவில் முதல் வழக்கத்தைத்தான் படித்தேன், ஆறு வருடக் கம்பெனி வேலை அதை என் மண்டையிலிருந்து துடைத்துவிட்டது. எந்த வழக்கத்தில் போட்ட படம் என்று சொல்ல ஒரு சின்னக் குறி உண்டு. நகம் அளவுதான் இருக்கும். அது இருப்பது வலது கீழ் மூலைக் கட்டத்தில். எச்.ஆருக்குப் பயந்து நான் அழித்த கட்டத்தில்.

பக்கவாட்டில் பார்த்தால் மிஷின் முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் இருக்கும், வேறு எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அம்பு ஒன்றுதான். இடது பக்கம் நின்று பார்த்தால் அந்த அம்பு ஆளைப் பார்த்துச் சுற்றச் சொல்லும். அவர் படித்தது சரி. செய்ததும் சரி.

"இன்னொண்ணு சொல்றேன் சார்," என்றார் அவர். "மொத தபா கனெக்‌ஷன் குடுத்தப்ப அந்தப் பக்கமாத்தான் சுத்துச்சு. அப்புறம் படத்த எடுத்துப் பாத்தேன். அம்பு வேற மாதிரி கீதேன்னு வயர மாத்திக் குடுத்தேன்."

தானாகச் சரியாகச் சுற்றிய மிஷினை, என் படத்தைப் பார்த்துத் தப்பாகத் திருப்பியிருக்கிறார்.

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். சொம்பை இடது கையில் பிடித்திருந்தார். வலது கையை முந்தானையால் மூடியிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் சொன்னேன் சார், ஆளப் பாத்து சுத்துதேன்னு. கம்பெனிப் படம், அவுங்களுக்குத் தெரியாததா, நீ சும்மா இருன்னுட்டாரு இவுரு." கணவரைத் திட்டுகிற குரலில்கூட அவர் அதைச் சொல்லவில்லை. பிறகு என்னிடம் கேட்டார், "இந்தப் படம் இன்னும் எத்தினி பேராண்ட கீது சார்?"

"தெரியலம்மா," என்றேன்.

"எல்லாராண்டயும் சொல்லிடுங்க. பொம்பளைங்கதானே சார் இதுல நிக்கிறாங்க."

சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதை என்னவோ ஒரு வாரத்து வேலை என்று நினைத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது, மிஷினை நானே எடுத்துப் போய்விடட்டுமா என்று அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "எடுத்துகினு பூட்டா யாரு ஆயறது?" என்றார். அவர் கணவர் அதற்குள் வயரைத் திருப்பி மாற்ற ஆரம்பித்திருந்தார்.

இணையத்தில் இருந்த படத்தை அன்றே மாற்றினேன். அம்பை நம்பாமல், உருளையின் மேலேயே 'ஆளை விட்டு விலகிச் சுற்ற வேண்டும்' என்று எழுத்தால் எழுதினேன். தடித்த வரியை எடுத்துவிட்டு, 'கரண்ட் கொடுத்ததும் கையை வைக்காமல் முதலில் ஒரு குச்சியை வைத்துப் பார்க்கவும்' என்று போட்டேன். அது சுலபமான பாதி. ஏற்கெனவே வெளியே போன படங்களை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தானே சொன்னேன். எடுத்தவர் யார் என்று எழுதிவைக்கச் சொல்லவில்லையே.

போனில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். கூப்பிட்டவர்களிடமெல்லாம் வேறு யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சிலர் மிஷினே செய்யவில்லை, படத்தை மட்டும் பீரோவில் வைத்திருந்தார்கள். சிலர் செய்திருந்தார்கள், பார்த்தால் சரியாகத்தான் ஓடியது. ஒருவர், "எங்க மிஷினு நல்லா ஓடிகினு கீது, நீ வேற வந்து கொயப்பாத," என்று போனை வைத்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. திருக்கழுக்குன்றத்து வெல்டருக்கும் போன் போட்டேன். முன்பு நான் பேசிய பேச்சுக்கு அவர் போனை எடுத்ததே பெரிது.

"அம்பா? அதெல்லாம் யாருய்யா பாத்தாங்க," என்றார். "ஆளு எங்க நிக்கிறானோ அதப் பாத்துதான் சுத்த வுட்டேன். அது தெரியாதா எனுக்கு?"

நான் திட்டிய ஆளின் மிஷினில் எந்தக் கைக்கும் ஆபத்தில்லை. என் சொல்லைக் கேட்டு அப்படியே செய்தவர் வீட்டில்தான் விரல் போயிருக்கிறது. பஸ்ஸில் அன்றைக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம் தண்டலத்தில். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் என் படத்தைப் பிரதி எடுத்து, கல்லூரி மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலு மாணவர்கள் அதைப் புதிதாக வரைந்து, கட்டம் போட்டு, அந்தக் கட்டத்துக்குள் குறியையும் சேர்த்திருந்தார்கள். இடது பக்கம் நின்று பார்த்தது என்று சொல்லும் குறி.

"எங்க காலேஜ்ல அப்படித்தான் சார் போடணும். இல்லன்னா மார்க் குறைப்பாங்க," என்றான் அவர்களில் ஒருவன். கத்த வாயைத் திறந்தேன், திறந்த வாயை மூடிக்கொண்டேன். என்ன சொல்லிக் கத்துவது? அவன் போட்டது அவன் படித்த முறைப்படி சரி. என் தப்புக்கு இப்போது கல்லூரி முத்திரையே விழுந்துவிட்டது. அவர்களுடைய ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். "வைவாவே முடிஞ்சிடுச்சு சார், இனிமே என்ன பண்றது?" என்றார். புத்தகமாக பைண்ட் செய்து நூலகத்தில் வைத்திருந்தார்கள். அதில் எழுதக்கூடாது என்றார் நூலகர். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்கே எழுதிவிட்டு வந்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்படியே மூன்று கடலைப் பருவம் போனது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. இதற்கு நடுவில் அக்கா நிலத்தை மனைக்கு விற்றுவிட்டாள். முதல் மிஷின் இப்போது அவள் வீட்டுப் பின்பக்கம் தண்ணீர் கேன் வைக்கும் மேடையாக நிற்கிறது. "உன் மிஷினு ரொம்ப உபயோகமா கீதுடா," என்று என்னை வாருவாள். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஓர் ஆளை மட்டும் என்னால் பிடிக்கவே முடியவில்லை. புதுக்கோட்டைக்காரன், நான் முதன்முதலாகப் படம் கொடுத்தவன். வந்தவாசிப் போன் வருவதற்குப் பல மாதம் முன்பே அவனுடைய காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போயிருந்தான். அவன் எண் வேலை செய்யவில்லை. அவன் தங்கியிருந்த அறையில் வேறு ஆறு பேர் இருந்தார்கள். காண்ட்ராக்டரிடம் கேட்டால், "போனவன் அட்ரஸெல்லாம் யாரு சார் வெச்சிருக்காங்க?" என்றார். லைனில் அந்தப் பக்கத்து ஆட்கள் யார் வந்தாலும் அவனைத் தெரியுமா என்று கேட்பேன். அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். அந்தப் பெண்தான் மிஷினில் நிற்பாள். இதையே நினைத்துக்கொண்டு கம்பெனியில் துளைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

2014 என்று நினைக்கிறேன். ஒரு நாள் மதியம் கம்பெனி வாசலில் புதிதாகக் காண்ட்ராக்டுக்கு ஆள் எடுத்தார்கள். வெயிலில் நீளமான வரிசை. நான் டீ குடிக்க வெளியே வந்தேன். "அண்ணே," என்று வரிசையிலிருந்து ஒரு குரல். திரும்பினால் அவன். நான் அவன் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் பிடித்து, புரட்டிப் பார்த்து, விரல்களை எண்ணினேன். அவன் பயந்துபோனான்.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

"மிஷின் செஞ்சியா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "இல்லண்ணே. மன்னிச்சுக்கங்கண்ணே. நீங்க அம்புட்டு ஆசையாக் குடுத்திய. நான் இங்கேருந்து ஊருக்குப் போன அந்த வருசமே அப்பாவுக்கு முடியாமப் போச்சு. அதுக்கப்புறம் நாங்க கடலையே போடல."

நான் வரைந்ததை ஒருவன் செய்யவில்லை என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு போய் எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தேன். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"சரி, அந்தப் படம் வீட்டுல இருந்தா கிழிச்சிப் போட்டுடு. வேற நல்ல படம் தரேன்," என்றேன்.

"அது எங்கண்ணே இருக்கு. அப்பவே குடுத்துட்டேன்," என்றான். "சந்தையில ஒரு வெல்டர் பாத்துட்டுக் கேட்டாரு. காசு எம்புட்டுன்னாரு. காசெல்லாம் வேணாம், நீங்களும் நாலு பேருக்குக் குடுக்கணும், அதான் கண்டிஷன்னு சொல்லித்தாண்ணே குடுத்தேன். மறுவாரம் பாத்தப்ப, ஜெராக்ஸ் போட்டு நெறைய பேருக்குக் குடுத்துட்டேன்னு சொன்னாரு. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேண்ணே." அவன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மிஷின் செய்யாவிட்டாலும் என் பேச்சைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அது.

"அந்த வெல்டர் எந்த ஊரு?"

"தெரியாதுண்ணே. சந்தைக்கு வருவாரு. இப்ப வர்றதில்ல." என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஏண்ணே? நான் தப்பாக் குடுத்துட்டேனா?"

"இல்லப்பா," என்றேன். "நீ சரியாத்தான் குடுத்திருக்க."

அவனை மறுபடி வரிசையில் கொண்டுபோய் விட்டேன். அவனுக்கு முன்னால் நின்றவன் இடம் தர மாட்டேன் என்றான், அவனிடம் நான் கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருந்தது. அந்த வார லீவில் புதுக்கோட்டைச் சந்தைகளுக்குப் போனேன், அதற்குப் பிறகும் போனேன். அந்த வெல்டரைத் தெரிந்தவர் கிடைக்கவில்லை. அவர் எடுத்த ஜெராக்ஸ் எத்தனை, எந்தெந்த ஊரில் இருக்கிறது, எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றின் அடியிலும் என் எண் மட்டும் இருக்கும். கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றுதான் அதை இன்னும் வைத்திருக்கிறேன்.